பன்னிரண்டாவது பேரின் நிழல்

– பனியில எழுதினாலும் தெரியல, மண்ணுல எழுதினாலும் தெரியலன்னா, அப்புறம் எங்கதாங்க டீச்சர் எழுதுறது?

– அதைத்தான் சொல்ல வாறன், பூரணி. கொஞ்சம் பொறுங்கோ. இந்தப் படத்தைப் பாருங்கோ. மேல்பாதி முழுக்கப் பனி. அங்க வெள்ளை எழுத்து வைச்சால் கரைஞ்சு போகும். கீழ்ப்பாதி சரிஞ்சு கிடக்கிற ஈர மண். அங்க கறுப்பு எழுத்து மண்ணோட மண்ணாத் தாண்டு போகும். அதுதான் ஒவ்வொரு பேரையும் சுத்தி ஒரு கரை கட்டியிருக்கிறன். உள்ளுக்க வெள்ளை, சுத்திவரக் கறுப்பு. இனி எங்க வைச்சாலும் தெரியும்.

– சீலைக்குக் கரை கேள்விப்பட்டிருக்கேன். பேருக்குமா கரை?

– சேலைக்கரை மாதிரித்தான் அம்மா. கரை இல்லாட்டி எது துணி, எது வெளி எண்டு தெரியாதெல்லோ.

– அத்தை, கதிரைய முன்னுக்கு இழுத்துக்குங்க. அங்க உக்காந்தா கண்ணுக்கு எட்டாது.

– எட்டும்டி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. கேக்குறேன், இந்தப் பொட்டியிலதான் இது இருக்குமா? போன்ல வரும்னு சொன்னாங்களே சங்கத்துப் புள்ளைங்க.

– வரும் அம்மா. கொம்பியூட்டருக்குள்ள தெரியிற இது ஒரு பொய்ப் போன். இதில சரியா வந்தால் உங்கட போனிலயும் சரியா வரும். நாளைக்கு நினைவு நாளில சங்கத்துப் பொடியள் புளூடூத்தால ஒரு போனில இருந்து மற்றப் போனுக்கு அனுப்புவினம். பட்டனை ஒருக்கா அமத்தினால் ஒரு பேர். திருப்பி அமத்தினால் அடுத்த பேர்.

– கொழும்புக் கடையில நிக்கிற புள்ளைங்க, டுபாய்ல வீட்டு வேலைக்குப் போனவளுக எல்லாரும் கேட்டிருக்காங்க டீச்சர். வந்து ஒரு பூப் போட முடியல, பேரையாவது பாத்துக்கிறோம்னு.

– எல்லாஞ் சரி. படத்த மாத்தக் கூடாதா டீச்சரம்மா? நாங்க குடியிருந்த லயம் நின்ன படமா போட்டா என்ன? மல சரிஞ்ச மறுநா படத்தையா வச்சிருக்கணும்?

– வேற படம் இல்லையாம் அம்மா. லயம் நிக்கேக்க ஆரும் அதைப் படம் எடுக்கேல்லை. துரைராசா மாஸ்டர் எடுத்த இது ஒண்டுதான் இருக்கு.

– ஆமா, மாஸ்டரு. விடியக்காலம் எதிர் மலையில பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு எடுத்தாரு. கனடாவுலருந்து மகன் அனுப்புன கேமராவாம். தோண்ட ஒரு மனுசன் வரல, படம் புடிக்க மட்டும் ஆளு வந்துருச்சான்னு நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டேன்.

– நீங்க கேட்டது மஸ்கெலியா வரைக்கும் கேட்டுச்சாம் அத்தை. பாவம் மாஸ்டரு, இப்பவும் நம்மளக் கண்டா கொடைய விரிச்சு மொகத்த மறைச்சுக்கிறாரு. மழையே இல்லன்னாலும்.

– மறைக்கட்டும். இந்தா பாருங்க டீச்சரம்மா, இந்தக் கீழ, மண்ணு மேல எறும்பு மாதிரி ஒண்ணு தெரியுதா? அது நாந்தான்.

– இதோ? குனிஞ்சு நிக்கிறது?

– குனிஞ்சு தோண்டுறேன். மம்பட்டி கெடைக்கல. கையால. பத்து வெரல்ல ஆறுல நகம் போயிருச்சு. அப்புறம் மொளைச்சதெல்லாம் கோணலு. பாருங்க.

– ஐயோ அம்மா…

– நா எங்க அத்தை இருக்கேன் இதுல?

– நீ எங்கிட்டு இருக்க? மயங்கி விழுந்தவள மேல் லயத்துல படுக்க வச்சிருந்தாக. சரி, பேரக் காட்டுங்க டீச்சரம்மா. ஒவ்வொண்ணா அமத்துங்க.

– முதல் பேர், காளியாயி.

– எங்கக்கா. லயத்துக் கோடித் தொங்கல்ல ஒரே சொவரு, அடுத்தடுத்த காம்பரா. அவ காம்பரா இருந்த எடத்துலயே வச்சிருக்கீங்களே. எப்பிடித் தெரிஞ்சுச்சு?

– பூரணி படத்தில மண்ணைத் தொட்டுத் தொட்டுச் சொன்னவ, இது இன்னாற்ற வாசல், இது இன்னாற்ற அடுப்படி எண்டு. அப்பிடியே வைச்சனான்.

– பொறுங்க, பொறுங்க. பேருக்குப் பின்னால அதென்ன சாம்பலா? அழுக்கா?

– அழுக்கில்லை அம்மா, நிழல். நிழல் போட்டால் எழுத்து மண்ணில ஒட்டிக் கிடக்காது. கொஞ்சம் எழும்பி நிக்கும்.

– எழும்பி நிக்குமா? ஆத்தாடி! அழிங்க! மொதல்ல அத அழிங்க!

– ஏன் அம்மா?

– படிச்சவங்க நீங்க, இது தெரியாதா? செத்தவங்களுக்கு ஏது நெழலு? நெழலு இருந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம். எங்கக்கா பேருக்கு நீங்க நெழலக் குடுத்தா, அவ அதப் புடிச்சுகிட்டு எந்திருச்சு வந்துருவா. பதினோரு பேரும் வருவாக. காம்பரா எங்கடின்னு கேட்டா நா என்ன பதில் சொல்ல?

– அத்தை சொல்றது எங்க பக்கத்து வழக்கந்தாங்க டீச்சர். எடுத்துருங்க. போன்ல இப்பிடி வந்துச்சுன்னா லயத்துல ஒருத்தரும் வாங்க மாட்டாங்க.

– சரி, சரி. எடுக்கிறன். எனக்கு இது தெரியாமல் போச்சு. வடிவா இருக்கட்டும் எண்டுதான் போட்டனான். கொம்பியூட்டருக்கு எழுதிக் குடுத்ததில ஒரு வரியை எடுத்தால் போதும், பெரிய வேலை இல்லை.

– ஒரு வரிதானா?

– ஓம் பூரணி. உண்மையில ஒரு பேரை நான் ஒருக்கா எழுதிறேல்லை. முதல்ல சாம்பல் நிறத்தில, கொஞ்சம் கீழ, கொஞ்சம் வலப்பக்கமாத் தள்ளி ஒருக்கா எழுதிறது. அதுதான் நிழல். பிறகு அதே பேரைக் கறுப்பில, ஒரு புள்ளி மேல, ஒரு புள்ளி கீழ, இடம், வலம், நாலு மூலை எண்டு திரும்பத் திரும்ப. அதுதான் கரை. கடைசியா எல்லாத்துக்கும் மேல, நடுவில, வெள்ளையில ஒருக்கா. பாக்கிற ஆக்களுக்கு அந்தக் கடைசிப் பேர் மட்டுந்தான் தெரியும்.

– ஒரே பேர அத்தன வாட்டியா?

– அத்தனை தரம்.

– எனக்கு வெளங்குதுங்க டீச்சர். நல்லாவே வெளங்குது.

– இப்ப பாருங்கோ. காளியாயிக்கு நிழல் இல்லை. அடுத்தது சோலைமலை, நிழல் இல்லை. அடுத்தது… ஓம், பதினொரு பேருக்கும் எடுத்தாச்சு. இனிக் கடைசிப் பேர். இது மட்டும் மண்ணில இல்லை, மேல இடது பக்க மூலையில, ரோட்டுக்குக் கிட்ட வைச்சிருக்கிறன்.

– நாந்தான் அப்பிடி வைக்கச் சொன்னேன். எம்மவன மண்ணுக்குள்ள போடாதீங்கன்னு. என்னா பேரு எழுதியிருக்கு? எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பூரணி, படிடி.

– டீச்சரே படிக்கட்டும் அத்தை.

– பாத்தீங்களா டீச்சரம்மா? புருசன் பேரச் சொல்லமாட்டா. சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையுமாம்.

– செல்லசாமி எண்டு எழுதியிருக்கு அம்மா. இவருக்கும் நிழலை எடுக்கட்டே?

– எடுக்காதீங்க!

– எடுத்துருங்க டீச்சர்.

– ஆர் சொல்லுறதைக் கேக்கிறது நான்?

– என்னைய. பெத்தவ நானு. எல்லாருக்கும் பொணம் கெடைச்சுச்சு. காளியாயிக்குக் கெடைச்சுச்சு, சோலைமலைக்குக் கெடைச்சுச்சு, தொட்டில்ல கெடந்த புள்ளைக்குக்கூடக் கெடைச்சுச்சு. எம்மவனுக்குக் கெடைக்கல. அப்ப அவன் மண்ணுக்குள்ள இல்ல. அவன் பேருக்கு நெழல் இருக்கட்டும்.

– ரெண்டு வருசமாச்சு அத்தை.

– ஆகட்டும்.

– டீச்சர், நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு நானும் அத்தையும் மேல் லயத்துல நாகலெட்சுமி மகளுக்குச் சடங்குன்னு போயிருந்தோம். அவருக்கு இருமல். வரலைன்னுட்டாரு. போறப்ப காம்பராவுல பாயில படுத்திருந்தாரு. நா கதவச் சாத்திட்டுத்தான் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள காம்பரா இல்ல, கதவு இல்ல. வேற எங்க போயிருப்பாரு?

– படங்கு எங்கடி? அதச் சொல்லு. டீச்சரம்மா, இவ தேயிலைக் கொழுந்தெடுக்கையில இடுப்புல கட்டுற படங்கு ஒண்ணு இருந்துச்சு. நல்ல செவப்பு. நடுவுல கிழிஞ்சு போயி, வெள்ளை மாவுப்பைத் துணிய வட்டமா வெட்டி இவதான் ஒட்டுப் போட்டா. மழைன்னா அவன் அதத்தான் தலையில போட்டுகிட்டுப் போவான்.

– பொம்பள படங்கப் போட்டுகிட்டுப் போறான்னு கடைவீதியில எல்லாம் சிரிப்பாங்க டீச்சர். மாப்புள கொழுந்தெடுக்கப் போறாரான்னு கேப்பாங்க. சிரிக்கட்டும்னுவாரு.

– மண்ணத் தோண்டுனப்ப வேட்டி கெடைச்சுச்சு. ரேடியோப் பொட்டி கெடைச்சுச்சு. அம்மி கெடைச்சுச்சு. படங்கு கெடைக்கல. அவன் அதப் போட்டுகிட்டு எங்கயோ எறங்கிப் போயிருக்கான். போன எடத்துல புத்தி தப்பியிருக்கும். இல்ல, எங்கயாச்சும் புடிச்சு வச்சிருப்பாக. காலம் கெட்ட காலம். ஒரு நா வருவான்.

– அத்தை, நா ஒண்ணு சொல்லவா?

– இருமலு கேக்குதுன்னு சொல்லுவ. எத்தன வாட்டி?

– இருமல் எண்டால்?

– பொழுது சாயுறப்ப, இப்ப இருக்கிற காம்பராவுக்கு வெளிய, தண்ணிப் பீலிப் பக்கம் நின்னு அவரு இருமுறாருங்க டீச்சர். உள்ள வர்றதில்ல. ரெண்டு இருமல், அப்புறம் தொண்டையச் செருமுற சத்தம். அவரு இருமல் எனக்குத் தெரியாதா? மொத நாளு கதவத் தெறந்துகிட்டு ஓடுனேன். யாருமில்ல. இப்பவெல்லாம் ஓடுறதில்ல. உலையப் பாத்துகிட்டே உக்காந்திருப்பேன். கோயில் பூசாரி சொல்றாரு, அவர வீட்டு ஆளாவும் வச்சிருக்கீங்க, செத்தவராவும் வச்சிருக்கீங்க, அதான் வாசல்ல நிக்கிறாருன்னு. செத்தவங்களோட பேரச் சேத்து ஒரு படையல் வச்சா போயிருவாராம்.

– எனக்குக் கேக்கலையே! வாசப்படியில தல வச்சுப் படுக்கிறவ நானு. பத்து மாசம் சொமந்தவளுக்குக் கேக்காத இருமலு, இவளுக்கு மட்டும் எப்பிடிடி கேக்கும்?

– அது எனக்குத் தெரியாது அத்தை. உங்களுக்குக் கேக்கலையேன்னு நீங்க அழுதது தெரியும்.

– நா எங்க அழுதேன்?

– போர்வைய வாயில வச்சுகிட்டு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்க. டீச்சர், செத்துட்டாருன்னா அழுது முடிச்சுருவேன். உசுரோட இருக்காருன்னா கண்டபடி திட்டுவேன். எனக்கு ரெண்டும் இல்ல. பொட்டு வச்சா ஒருத்தி பாக்குறா, வைக்கலன்னா இன்னொருத்தி பாக்குறா. அன்னைக்குச் சாயங்காலம் எங்களுக்குள்ள கொஞ்சம் வாய்ச் சண்டை. இந்த மலைய விட்டுத் தொலைஞ்சாத்தான் நா மனுசனாவேன்னாரு. போங்க, யாரு புடிச்சா, போறவரு திரும்பிப் பாக்காமப் போங்கன்னேன். அதுதான் கடைசிப் பேச்சு. அதையே வச்சுகிட்டு நா எத்தன நாளைக்கு உக்காந்திருக்க?

– எம்மவன் அப்பிடிப் பேசவே மாட்டான். என்னைய விட்டுட்டு நானுஓயா டேசனத் தாண்டமாட்டான் அவன். புருசன் பேர வாயால சொல்லமாட்டாளாம், நெழல மட்டும் அழிக்கச் சொல்லுவாளாம். நல்லா இருக்குடி உன் ஞாயம்.

– அத்தை, நா உங்கள விட்டுப் போகப்போறதில்ல. அதுக்குப் பயந்துகிட்டுத்தான் அவர உசுரோட வச்சிருக்கீங்களா?

– அடியே!

– சண்டை பிடிக்காதேங்கோ. ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. அம்மா, உங்களுக்குச் சொல்லுறன். எங்கட வீட்டிலயும் ஒரு ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில இருந்து எல்லாரும் வெளிக்கிட்ட அந்த முறை, அண்ணா பின்னால வாறன் எண்டு நிண்டவர். வரேல்லை. அம்மா இண்டைக்கு வரைக்கும் இரவில கேற்றைப் பூட்ட விடமாட்டா.

– நெழலப் போடணுமா வேணாமான்னு உங்கம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, தெரியும்.

– கேக்க எனக்குத் துணிவில்லை அம்மா. அதாலதான் ஒரு வருசமா நான் வீட்டுப் பக்கம் போகேல்லை.

– மழை கூடிப்போச்சு அத்தை. பஸ்ஸ விட்டுட்டா ஹட்டன்லயே நிக்க வேண்டியதுதான்.

– நிப்போம். முடிவு தெரியாம நா எந்திரிக்க மாட்டேன்.

– அப்ப இப்பிடிச் செய்வம். இவரின்ர பேரை முழுசா எடுத்துவிடுறன். வெறும் படம் இருக்கட்டும். நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ. பிறகு புதுசா எழுதுவம். சரியே?

– முழுசா எடுத்தா அவரு பேரே இருக்காதா?

– இப்போதைக்குத்தான் பூரணி. பாருங்கோ, முதல்ல மேல இருந்த வெள்ளையை எடுக்கிறன்.

– ஆத்தி, பேரு போயிருச்சே! கரி பூசுன மாதிரி இருக்கு.

– அது கரை. அத்தனை தரம் எழுதின கறுப்பெல்லாம் சேர்ந்து கிடக்கு. இப்ப அதையும் எடுக்கிறன்.

– இப்ப நெழலு மட்டும் நிக்குது டீச்சர். ஆளில்லாம.

– ஓம். இனி அதையும்… சரி. இப்ப ஒண்டும் இல்லை. பனியும் ரோட்டும் மட்டுந்தான்.

– அதென்ன செவப்பு?

– எது அம்மா?

– பேரு இருந்த எடத்துல. ரோட்டோரமா. செவப்பா ஒரு புள்ளி.

– ஓ, அதுவோ. நீங்கள் இவ்வளவு நேரமும் கீழ மண்ணையே பாத்ததால காணேல்லை. பனிக்குள்ள கிடந்து என்ர கண்ணை உறுத்தினது. ஏதோ பூமரமாக்கும் எண்டு நினைச்சு, அதுக்கு மேலதான் பேரை வைச்சு மறைச்சனான்.

– அந்த ரோட்டுல பூமரம் ஏதுங்க டீச்சர்? மொட்டைப் பாறைதான் இருக்கு.

– பெரிசா ஆக்க முடியுமா டீச்சரம்மா?

– போனுக்காகச் சுருக்கின படம் அம்மா இது. மாஸ்டர் தந்த பெரிய படம் வேறயா இருக்கு. திறக்கிறன். பொறுங்கோ, இது பழைய கொம்பியூட்டர்… இந்தா வருது. இன்னும் கிட்டக் கொண்டுபோறன். இன்னும். இது… ஆரோ ஒரு ஆள். தலையில ஏதோ போட்டுக்கொண்டு நிக்கிறார்.

– கண்ணு மங்குதுடி எனக்கு. செவப்புக்கு நடுவுல என்ன தெரியுது? பூரணி, சொல்லுடி!

– வெள்ளையா ஒரு வட்டம் அத்தை.

– மாரியாத்தா…

– ஒரு காலப் பாறை மேல தூக்கி வச்சுகிட்டு, மொழங்கால்ல கைய ஊணி. அப்பிடித்தான் நிப்பாரு. அத்தை, அவருதான். மறுநா காலையில எடுத்த படம் இது. எல்லாரும் செத்ததுக்கு மறுநா. அவரு ரோட்டுல நிக்கிறாரு.

– பூரணி, இருங்கோ. விழுந்திடுவீங்கள். தண்ணி குடியுங்கோ.

– வேணாங்க டீச்சர். அத்தை, நீங்க சொன்னதுதான் சரி. நா மடச்சி, வெறும் காத்துக்கு இருமல்னு பேரு வச்சுகிட்டு உக்காந்திருந்திருக்கேன். உசுரோட இருக்காரு. டீச்சர், பேர எழுதுங்க. நெழலும் போடுங்க. நல்லாக் கறுப்பா, பெருசாப் போடுங்க.

– பொறு.

– என்ன அத்தை?

– அவன் மொகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?

– வெளங்கலையே அத்தை, பனி…

– எனக்குப் பொய் சொல்லாத. டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. அவன் எங்க பாக்குறான்?

– கீழ பாக்கிறார் அம்மா. மண் சரிஞ்ச பக்கம்.

– கீழ யாரு இருக்கா?

– அம்மா…

– கீழ யாரு இருக்கான்னு கேக்குறேன்.

– நீங்கள்தான். வேற ஒருத்தரும் இல்லை.

– நா தோண்டிகிட்டு இருக்கேன்.

– ஓம்.

– வாய் ஓயாம அவன் பேரக் கூப்புட்டுகிட்டுத் தோண்டுனேன். மாஸ்டருக்கு எதிர் மலையில கேட்டுருக்கு. மஸ்கெலியா வரைக்கும் கேட்டுருக்குன்னு இப்பத்தானடி சொன்ன. அந்த ரோட்டுக்குக் கேட்டுருக்காதா?

– அத்தை, அவரு பயந்து போயிருப்பாரு. என்ன செய்யுறதுன்னு தெரியாம…

– பூரணி, டீச்சரம்மாவுக்கு அந்த எடத்தத் தொட்டுக் காட்டு.

– எந்த எடத்த அத்தை?

– காளியாயிக்குப் பக்கத்துல. நா தோண்டுன எடத்த. டீச்சரம்மா, எம்மவன் பேர அங்க எறக்கி எழுதுங்க. நெழலு வேணாம்.